வட்டம் போட்டால் முட்டை

குறும்பனை
10 ஜூன் 2024

அன்புள்ள ரெஜிஷா அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே அப்பா, அம்மை, நான் மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை இனி உன் கையெழுத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும் என்று வியாகுலம் பெரியம்மை சொன்னாள். நவதுறவு இல்லத்தில் போன் கிடையாதாமே. பெற்ற தாய்க்கே கடிதம்தானாம், பிறகு சித்தி மகள் நான் எம்மாத்திரம். நீ கன்னியாஸ்திரி ஆகப்போகிறேன் என்று திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறி ஒரு வருஷம் ஆகிறது. இதுதான் என் முதல் கடிதம். தபால் ஆபீசில் கவர் கேட்டபோது அங்கே இருந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள், காதல் கடிதம் என்று நினைத்திருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் கடற்கரைப் பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வருஷம் இலவசமாகப் படிப்பித்து அங்கேயே வேலையும் தருவார்கள். ஜனவரியில் தேர்வு. காகிதமும் பென்சிலும் உதவாது, படம் வரையும் டேப்லட்டில்தான் வரையவேண்டும். அதையும் லேப்டாப்பையும் நாமே கொண்டுபோகவேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் குளச்சலில் ஜவுளிக்கடை பில் மேசை, அதற்குப் பின்னால் ஒரு மாப்பிள்ளை. அப்பா இரண்டுக்கும் பேசி வைத்திருக்கிறார்.

வேலைக்கு வெளியூர் போன லிபின் அண்ணன் விட்டுப்போன பழைய லேப்டாப் இருக்கிறது. டேப்லட்டுக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் தரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அதுவும், படம் வரைகிற பலகை என்று நான் விளக்கியதற்கு, “பலகையா மக்ளே? அடுக்களையில ரெண்டு கெடக்கே” என்று கேட்ட பிறகுதான். நெட்டில் பார்த்தால் தலை சுற்றுகிறது. திரை வைத்தது, திரை இல்லாதது, போனில் மாட்டுவது என்று நூறு வகை. எதை வாங்க? கோட்டாற்றில் ஒரு பென்சில் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நீ. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ ஊரில் இருந்திருந்தால் இந்த இடத்துக்கு நான் கையே நீட்டியிருக்க மாட்டேன். பள்ளியிலும் கோயிலிலும் முதல் பரிசு உனக்கு, ஆறுதல் பரிசு எனக்கு. கிறிஸ்துமஸ் குடிலுக்கு நீ வானம் வரைவாய், நான் நட்சத்திரத்துக்கு மஞ்சள் பூசுவேன். இப்போது நீ ஆண்டவருக்கு, வானம் எனக்கு.

உன் ஜெபத்தில் என் பெயரையும் எங்கேயாவது நுழைத்துவிடு.

உன் தங்கை,
சுபிதா

*

நவதுறவு இல்லம், திண்டுக்கல்
8 ஜூலை 2024

கிறிஸ்துவில் அன்பான சுபிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். சித்தப்பாவுக்கு இடுப்புவலி எப்படி இருக்கிறது? மழைக்காலத்தில் கடலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் கடிதத்தை மதர் செசிலி படித்துவிட்டுத்தான் தந்தார்கள். இங்கே வருகிற கடிதமும் போகிற கடிதமும் அவர்கள் பார்வைக்குப் போகவேண்டும், அது வழக்கம். அடுக்களைப் பலகையைப் படித்துச் சிரித்தார்கள்.

திரை வைத்தது வேண்டாம். ஐந்தாயிரத்துக்குத் திரை வைத்தது என்று யாராவது காட்டினால் நம்பாதே. திரை இல்லாததையே வாங்கு. கை கீழே, கண் மேலே. முதலில் பைத்தியம் பிடிக்கும், பிறகு பழகிவிடும். பேனா சார்ஜ் போடத் தேவையில்லாததாக இருக்கட்டும். அழுத்தத்தை உணரும் அளவு என்று பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பான், அதைப் பார்த்து மயங்காதே. மலிவானதிலும் அது போதுமான அளவு உண்டு. பக்கத்தில் வரிசையாக இருக்கும் பொத்தான்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே, கீபோர்டில் அந்த வேலை நடக்கும். மாற்றிப் போடப் பேனா முனைகள் தருகிறானா என்று பார். பழையதை வாங்காதே, அடுத்தவர் கை தேய்த்த பரப்பில் கோடு வழுக்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். என்னை இங்கே ஊடக அறையில் போட்டிருக்கிறார்கள். மறைக்கல்விப் பிள்ளைகளுக்காக நோவாவின் பேழையை அனிமேஷனாகச் செய்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஒரு உபகாரி கொடுத்த டேப்லட் இருக்கிறது. பதினாறு அங்குலத் திரை வைத்தது. நான் கேட்கவில்லை, கொடுத்தார்கள்.

தேர்வு எந்தத் தேதி? வயது வரம்பு உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

ஜெபத்தில் உன்னை மறப்பதில்லை.

ரெஜிஷா

*

குறும்பனை
21 ஜூலை 2024

அன்பான அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். அப்பாவின் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது.

ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கப் போனவளுக்குப் பதினாறு அங்குலத் திரை. ஐந்தாயிரத்துக்கு அப்பனிடம் கெஞ்சினவளுக்குக் கல்யாணக் கார்டு அளவில் ஒரு கறுப்புப் பலகை. நான் கேட்கவில்லை, கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். எனக்குப் பொறாமைதான் அக்கா, மறைத்து என்ன ஆகப்போகிறது. மதர் படித்தால் படிக்கட்டும்.

நீ சொன்னபடியே வாங்கினேன். மாற்றிப் போட எட்டு முனை தந்தான். பேனா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சங்கடம். நான் வட்டம் போட்டால் திரையில் முட்டை வருகிறது. படுத்த முட்டை. மாதா முகம் வரைந்தேன், பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி இரண்டு கன்னமும் அகன்றுபோய் வந்தது. அம்மை பார்த்துவிட்டு, “இது யாருட்டி, நம்ம மீன் ஏலக்காரனா?” என்றாள். இது என் கையின் கோளாறா, பலகையின் கோளாறா?

தேர்வு ஜனவரி 11. இருபத்தைந்து வயது வரை எழுதலாம், நவம்பர் முடிய விண்ணப்பிக்கலாம். உனக்கு எதற்கு வயது வரம்பு? அதற்கும் சேர்த்து ஜெபம் பண்ணவா?

மறக்காமல் முட்டைக்கு வழி சொல்.

சுபிதா

*

நவதுறவு இல்லம், திண்டுக்கல்
18 ஆகஸ்ட் 2024

கிறிஸ்துவில் அன்பான சுபிக்கு,

நலம். இங்கே வெயில் அதிகம். நோவா முடிந்துவிட்டது, மறைமாவட்டங்களுக்கெல்லாம் அனுப்புகிறார்களாம்.

பேனா முனை சாய்வாகத் தேய்ந்தால் உடனே மாற்று, இல்லாவிட்டால் பரப்பில் கீறல் விழும். கையில் வேர்வை பட்டால் ஒரு பழைய சாக்ஸை விரல் தெரிய வெட்டிப் போட்டுக்கொள். மணிக்கட்டை வைத்து வரையாதே, தோளிலிருந்து வரை. மற்றபடி எல்லாம் பழக்கம்தான். தினமும் நூறு வட்டம் போடு.

சித்தியைக் கேட்டதாகச் சொல். ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

ரெஜிஷா

*

குறும்பனை
11 செப்டம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லோரும் சுகம். உன் புகழ்தான் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது.

தினமும் நூறு வட்டம் போட்டேன். நூறும் முட்டை. கடைசியில் கையையே மாற்றிக்கொண்டேன். கீழே நெட்டையாகப் போட்டால் மேலே வட்டமாக வருகிறது. இப்போது ஒரு வட்டத்துக்கு என் கை தானாகவே வெண்டைக்காய் போடுகிறது. மனுஷரை ஒட்டகச்சிவிங்கியாக வரைந்தால் மனுஷராக வருகிறார்கள். எப்படியோ ஒப்பேற்றுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா திருநாள். பூசை முடிந்ததும் சாமியார் திரை கட்டி உன் நோவாவைப் போட்டார். ஊரே கைதட்டியது. பெரியம்மை அழுதாள். நானும் தட்டினேன், நோவாவின் மனைவி நடந்து வருகிற வரைக்கும்.

தலையில் மீன் சருவம், ஒரு இடுப்பைத் தூக்கி, மறு காலை வீசி வைத்து வருகிற அந்த நடை யாருடையது அக்கா? எட்டாம் வகுப்பிலிருந்து என் நோட்டின் ஓரமெல்லாம் நடந்துகொண்டிருந்தவள் அவள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தவள் நீ. எல்லோரும் மழையையும் மிருகங்களையும் விட்டுவிட்டு அந்த நடையைத்தான் மெச்சினார்கள். “கொள்ளாம், அப்படியே நம்ம ஊர் பொம்பளை” என்று என்னிடமே வந்து சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

அக்கா, நீ வண்டி ஏறிய அன்று நாகர்கோவில் ஸ்டேஷனில் சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது. ‘அங்க போனா படிப்பும் கம்ப்யூட்டரும் சும்மா கிட்டும் மக்கா. படிச்சிட்டு பைய வந்திருவேன்’ என்றாய். சொன்னபடி படித்துவிட்டாய். எப்போது வருகிறாய்? மதர் செசிலிக்கு என் வணக்கத்தைச் சொல்.

சுபிதா

*

குறும்பனை
20 அக்டோபர் 2024

அன்பான அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதிலே இல்லை. பெரியம்மைக்கும் கடிதம் வரவில்லை என்று நேற்று சொன்னாள்.

செப்டம்பரில் எழுதிய கடிதம் வந்ததா? அதில் கடைசியில் ஒன்று விளையாட்டுக்கு எழுதியிருந்தேன். உன்னை அந்த டேப்லட்டிலிருந்து எழுப்பிவிட்டார்களா? சும்மா கேட்கிறேன்.

இங்கே நல்ல மழை. அப்பா கடலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்து நான் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “ஒட்டகத்தப் போட்டா மனுசன் வாரான், நல்ல மெஷின்தான்” என்கிறார்.

இரண்டு வரியாவது எழுது.

சுபிதா

*

குறும்பனை
17 நவம்பர் 2024

ரெஜிஷா அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகமில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

நேற்று ஒரு மலையாளப் பையனின் வீடியோ கண்ணில் பட்டது. டேப்லட்டின் நீள அகலமும் திரையின் நீள அகலமும் ஒத்துப்போகாவிட்டால் வட்டம் முட்டையாகத்தான் வருமாம். அதற்கு செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதாம், அதில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது. போட்டேன். தீர்ந்தது. நாலு மாதம் நான் பட்ட பாட்டுக்கு ஒரே ஒரு டிக்.

இப்போது கூத்து என்ன தெரியுமா? டிக் போட்ட பிறகு என் கை பழைய ஞாபகத்தில் வெண்டைக்காய் போடுகிறது, திரையிலும் வெண்டைக்காயே வருகிறது. மறுபடியும் ஒன்றாம் வகுப்பு. தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

உனக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பேனா முனை தேய்வதற்கு ஒரு பத்தி, சாக்ஸுக்கு இரண்டு வரி, முட்டைக்கு மட்டும் ‘நூறு வட்டம் போடு’. செப்டம்பரில் எழுதியதற்காக இத்தனை நாள் நெஞ்சு உறுத்திக்கொண்டிருந்தது. இனி இல்லை.

சுபிதா

*

நவதுறவு இல்லம், திண்டுக்கல்
8 டிசம்பர் 2024

அன்பு மக்கா சுபிக்கு,

நலம். மூன்று மாதமாக நான் யாருக்கும் எழுதவில்லை, யார் கடிதத்தையும் படிக்கவும் இல்லை. மதர் அப்படி இருக்கச் சொன்னார்கள். உன் அக்டோபர் கடிதத்தையும் நவம்பர் கடிதத்தையும் நேற்றுதான் சேர்த்துத் தந்தார்கள். செப்டம்பரில் எழுதியதாகச் சொல்கிறாயே, அது என் கைக்கு வரவில்லை. தபாலில் போயிருக்கும்.

ஒரு செய்தி. நான் ஊருக்கு வருகிறேன். விடுமுறைக்கு இல்லை, வந்துவிடுகிறேன். இங்கே யாருக்கும் என்மேல் மனஸ்தாபம் இல்லை, எனக்கும் இல்லை. டிசம்பர் 22 காலையில் நாகர்கோவில் ஸ்டேஷனில் இறங்குவேன்.

இன்னொன்றையும் நானே சொல்லவேண்டும். அந்த ஸ்டுடியோ இடத்துக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆகஸ்டிலேயே அம்மைக்கு எழுதினேன், அவள்தான் என் பெயரில் போட்டாள். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொன்னேன், நானே எழுதவேண்டும் என்று. உனக்குக் காலை பத்து மணி, எனக்கு மதியம் இரண்டு மணி என்று அம்மை எழுதியிருக்கிறாள். டேப்லட் இங்கே உள்ளதுதான், கொண்டுவர முடியாது. உன்னுடையதையும் லேப்டாப்பையும் மதியம் எனக்குத் தருவாய் என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

முட்டை விஷயம் நேரில்.

ஸ்டேஷனுக்கு வருவாய்தானே?

ரெஜிஷா

*

குறும்பனை
12 டிசம்பர் 2024

மதிப்புக்குரிய மதர் செசிலி அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? நான் ரெஜிஷாவின் சித்தி மகள். என் கடிதங்களை நீங்கள் படித்திருப்பதால் அதிகம் அறிமுகம் தேவையில்லை.

தயவுசெய்து ரெஜிஷாவை அனுப்பாதீர்கள். செப்டம்பரில் நான் எழுதியதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவள் ஸ்டேஷனில் அப்படிச் சொன்னது உண்மைதான், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அழாமல் இருப்பதற்காகச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு உண்மையான இறையழைத்தல் உண்டு மதர். ஆறு வயதிலேயே எங்கள் வீட்டுக் கோழிகளை வரிசையாக நிறுத்தி, பூசையில் கொடுப்பது போல நன்மை அப்பம் கொடுத்தவள். கோழிகளும் அமைதியாக வாங்கின, நான் சாட்சி.

இப்படிப்பட்ட பிள்ளையை இழந்தால் திருச்சபைக்குத்தான் நஷ்டம். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் ஜனவரி 12 ஆம் தேதி அனுப்புங்கள்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சுபிதா

*

நவதுறவு இல்லம், திண்டுக்கல்
17 டிசம்பர் 2024

அன்புள்ள சுபிதாவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன்னோடு. விசாரித்தாய், நன்றி. முழங்கால் வலி தவிர நலம்.

ரெஜிஷாவை நான் அனுப்பவில்லை. அவளே கேட்டாள். உன் முதல் கடிதத்தைக் கொடுத்த மூன்றாம் நாள் கேட்டாள். அவசரப்படாதே என்று நோவாவை முடிக்கச் சொன்னேன். பிறகு மூன்று மாதம் வெளியுலகச் செய்தி இல்லாமல் இருந்து பார் என்றேன். இருந்தாள். முடிவு மாறவில்லை.

உன் செப்டம்பர் கடிதத்தை அவளிடம் நான் கொடுக்கவில்லை. அதன் கடைசிப் பத்தியை நீ எனக்குத்தான் எழுதியிருந்தாய், எனவே நானே வைத்துக்கொண்டேன். ரயில் கிளம்பும்போது பிள்ளைகள் சொல்வதை வைத்து நான் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. இத்துடன் அதைத் திருப்பி அனுப்புகிறேன்.

ஆகஸ்டில் அவள் உனக்கு எழுதிய முதல் தாளில் முட்டைக்கு வழி இருந்தது. படம்கூடப் போட்டு விளக்கியிருந்தாள். மறுநாள் வந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு தாள் தந்தாள். ஏன் என்று கேட்டேன். “அவளே கண்டுபிடிப்பா மதர்” என்றாள். எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளின் கடிதங்களைப் படிக்கிறேன். உங்களைப் போல ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை.

ஜனவரி 12 வரை வைத்திருக்க இயலாது. டிக்கெட் எடுத்தாயிற்று.

ஜெபத்துடன்,
சகோதரி செசிலி

*

குறும்பனை
10 ஜனவரி 2025

மதிப்புக்குரிய மதருக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் முழங்காலுக்கு அம்மை ஒரு தைலம் தந்திருக்கிறாள், தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் தேர்வு முடிந்திருக்கும். இருந்தாலும் உங்களைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அது பொய் அழுகை இல்லை மதர். நீங்கள் அனுப்பிய செப்டம்பர் கடிதத்தை அதற்கு முந்தின நாளே அடுப்பில் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

காலையில் நான், சாயங்காலம் அவள் என்று ஒரே பலகையில் பழகினோம். திரையில் வரைந்து பழகியவளுக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் என்று முதல் மூன்று நாள் கோடெல்லாம் கோணிக்கொண்டு போனது. அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. நாலாம் நாள் ஒரு வள்ளம் போட்டாள், அலையில் ஏறி நிற்கிற மாதிரி. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

நோவா மனைவியின் நடையைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவளே சொன்னாள். “அது உனக்க சாதனம்தான். நான் போட்டா ஆளு நிக்கும், நடக்காது. அதான் எடுத்தேன்” என்றாள். மன்னிப்பு கேட்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது, இரண்டு நாள் ராணி மாதிரி நடந்தேன்.

முந்தாநாள் என் நேரம் முடிந்து எழுந்திருக்கும்போது செட்டிங்கைத் திறந்து அந்த டிக்கை எடுத்துவிட்டு லேப்டாப்பைக் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், கை தானாகச் செய்தது. அவள் உட்கார்ந்து ஒரு வட்டம் போட்டாள். முட்டை வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எங்கேயும் தேடவில்லை, நேராகப் போய் அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள்.

“இத யாருட்டி எடுத்தா?”

“சவம், தானாப் போயிருக்கும்.”

“ம். தானாத்தான் போவும். ஆகஸ்ட் மாசம் எனக்க காயிதத்துலயிருந்தும் அப்படித்தான் போச்சு.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவள் அடுத்த வட்டம் போட ஆரம்பித்தாள்.

நாளைக்குத் தேர்வு. காலையில் நான், மதியம் அவள். நான் வரைந்து முடித்து வெளியே வந்து அதே லேப்டாப்பை அவள் கையில் கொடுக்கவேண்டும். தேர்வறையில் ஒருவருக்கு அரைமணி நேரம்தான், உட்கார்ந்ததும் வரைய ஆரம்பிக்கவேண்டுமாம். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும்.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் மதர். அவளுக்கு வேண்டாம், அவளுக்கு வரையத் தெரியும்.

சுபிதா